டிஸ்க் மாற்று அறுவை சிகிச்சைக்கு வெளிநாடு போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு இடுப்புப் பகுதியில் இரண்டு டிஸ்க்குகள் தேய்ந்துபோயிருந்தன. நான்கு வருடம் ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் தவித்தான். கடைசியில் வெளிநாட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டான். துணைக்குப் போனது நான். அந்த நாட்களில் அலைந்து விசாரித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இப்போது அதே இடத்தில் நிற்பவர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் ஸ்கேனைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். அவரிடம் எதைக் கேட்பது, டிக்கெட் போடுவதற்கு முன் எதையெல்லாம் முடித்து வைப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டிஸ்க் மாற்று என்றால் என்ன? ஃப்யூஷனும் இதுவும் ஒன்றா?

இல்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது டிஸ்க். அது முற்றிலும் கெட்டுப்போனால் இரண்டு வழிகள் உண்டு. டிஸ்க்கை எடுத்துவிட்டு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாக இணைத்துவிடுவது ஃப்யூஷன். அந்த இடத்தில் அதற்குப் பிறகு அசைவு இருக்காது. டிஸ்க்கை எடுத்த இடத்தில் அசையக்கூடிய செயற்கை டிஸ்க்கைப் பொருத்துவது டிஸ்க் மாற்று. அசைவு நின்றுபோனால் அதன் பாரம் மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் மேல் விழும், அதைத் தவிர்க்கலாம் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம்.

கழுத்தில் செய்வதும் இடுப்பில் செய்வதும் ஒரே பெயரில் வழங்கினாலும் இரண்டும் வேறு வேறு அறுவை சிகிச்சைகள். ஆபத்து வேறு, ஆறும் காலம் வேறு, விமானம் ஏறும் நாளும் வேறு. யாராவது "எனக்கு டிஸ்க் மாற்றினார்கள், மூன்றாம் நாளே நடந்தேன்" என்று சொன்னால், கழுத்தா இடுப்பா என்று முதலில் கேளுங்கள்.

இது புதுசா? சோதனை கட்டத்தில் இருக்கிறதா?

புதுசு இல்லை. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரோம் என்ற சர்ஜன் டிஸ்க் இருந்த இடத்தில் எஃகு உருண்டைகளை வைத்துப் பார்த்தார். நாளடைவில் அவை எலும்புக்குள் புதைந்துபோனதால் அந்த முறை கைவிடப்பட்டது. இன்றைய டிஸ்க்குகளுக்கு முன்னோடி கிழக்கு பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனையில் உருவானது. காரின் பியூட்னர்-யான்ஸ், குர்ட் ஷெல்னாக் என்ற இரண்டு டாக்டர்கள் அதை உருவாக்கினார்கள். மனிதருக்கு முதன்முதலில் பொருத்தியது 1984இல். இந்த காரின் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றவர். முதுகை வளைத்தே வாழ்ந்த ஒருவர், முதுகின் அசைவைக் காப்பாற்ற ஒரு கருவி செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழும்.

அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அந்த ஷாரிட்டே டிஸ்க்குக்கு 2004இல் அனுமதி தந்தது. இடுப்புக்கான ப்ரோடிஸ்க்-எல் 2006இல் வந்தது. கழுத்துக்கான டிஸ்க்குகள் 2007 முதல் அனுமதி பெற்றன.

அப்படியானால் ஏன் வெளிநாடு போகிறார்கள்?

காரணம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குத் தங்கள் நாட்டில் காப்பீடு இதற்குப் பணம் தராது. சிலருக்குக் காத்திருப்புப் பட்டியல் மிக நீளம். சிலர் இருக்கும் இடத்தில் ஃப்யூஷன் மட்டும்தான் செய்கிறார்கள்.

இன்னொரு காரணம் எத்தனை டிஸ்க் என்பது. அமெரிக்காவில் கழுத்தில் அடுத்தடுத்து இரண்டு டிஸ்க்குகளுக்கு அனுமதி பெற்ற முதல் கருவி மோபி-சி, 2013இல். இடுப்பில் இரண்டு டிஸ்க்குகளுக்கு ப்ரோடிஸ்க்-எல் அனுமதி பெற 2020 வரை ஆனது. ஜெர்மனி போன்ற நாடுகளில் பல இடங்களில் ஒரே நேரத்தில் பொருத்துவதும், ஒரு இடத்தில் ஃப்யூஷன், பக்கத்தில் செயற்கை டிஸ்க் என்று கலந்து செய்வதும் அதற்கு வெகு முன்பே நடந்துவந்தன.

ஆனால் ஒன்று. "எங்கள் நாட்டில் மாட்டேன் என்றார்கள், அங்கே சரி என்றார்கள்" என்பதை மட்டும் வைத்து விமானம் ஏறாதீர்கள். மாட்டேன் என்றவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காரணத்தை அப்படியே வெளிநாட்டு சர்ஜன் முன் வையுங்கள். அதற்கு அவர் தரும் பதில், அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

எனக்கு டிஸ்க் விலகல் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் இது தேவைப்படுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும் வலி பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் மருந்து, பிசியோதெரபி இரண்டிலும் தணிந்துவிடும். குறையாவிட்டாலும், பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் சின்ன அறுவை சிகிச்சை பல பேருக்குப் போதும். முழு டிஸ்க்கையும் மாற்றுவது அதற்கெல்லாம் அப்புறம் வருவது.

தேவைப்படுகிறவர்களிலும் எல்லோருக்கும் பொருந்தாது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்குப் பொருத்திய டிஸ்க் எலும்புக்குள் அமிழ்ந்துவிடலாம். முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளான ஃபேசட் மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், டிஸ்க்கை மாற்றினாலும் அந்த வலி போகாது. ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் நழுவியிருந்தாலோ, முதுகு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தாலோ, உடலில் தொற்று இருந்தாலோ இது சரிப்படாது. நிக்கல், கோபால்ட், குரோமியம் போன்ற உலோகங்களுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கவரிங் நகை போட்டால் தோல் தடித்து அரிக்கிறது என்பதுகூட இங்கே முக்கியமான தகவல்.

உங்கள் ஸ்கேனைப் பார்த்த அதே நாளில், எலும்பு அடர்த்திப் பரிசோதனைகூடக் கேட்காமல் "வாருங்கள், செய்துவிடலாம்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அதை நல்ல சேவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கருத்து எத்தனை பேரிடம் கேட்கலாம்?

குறைந்தது ஒருவரிடமாவது. அவர் ஃப்யூஷன், டிஸ்க் மாற்று இரண்டும் செய்பவராக இருப்பது நல்லது. அறுவை செய்து பணம் வாங்கப்போகிறவராக அவர் இருக்கக் கூடாது.

எந்த நாடு நல்லது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் நாட்டைத் தேடுவதில் பயன் இல்லை, சர்ஜனைத் தேட வேண்டும் என்று புரிந்தது. ஒரே நாட்டில், ஏன், ஒரே மருத்துவமனையிலேயே வருடம் முழுக்க இதையே செய்பவரும் இருப்பார், எப்போதாவது ஒன்று செய்பவரும் இருப்பார்.

மருத்துவமனைக்கு ஜே.சி.ஐ. என்ற சர்வதேச அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். அது மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. விளம்பரத்தில் முத்திரை இருக்கிறது என்று விட்டுவிடாமல், அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பாருங்கள். அது மருத்துவமனையின் நடைமுறைகளுக்குத் தரும் சான்று. உங்கள் முதுகைத் தொடப்போகும் சர்ஜனின் கைத்திறனுக்கு அது சான்றாகாது.

சர்ஜனிடம் என்னென்ன கேட்பது?

கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சர்ஜன்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குச் செய்யப்போகும் இதே இடத்தில், இதே எண்ணிக்கையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? கடைசியாகச் செய்தது எப்போது? நீங்கள் பொருத்திய டிஸ்க்கை மறுபடி எடுக்க வேண்டி வந்திருக்கிறதா, ஏன்? இடுப்பு என்றால், வயிற்றுப் பக்கம் திறந்து வழி அமைப்பது யார், ரத்தக்குழாய் சர்ஜன் கூட இருப்பாரா? உள்ளே போன பிறகு டிஸ்க் பொருத்த முடியாத நிலை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள், அதற்கு நான் இப்போதே சம்மதம் தர வேண்டுமா? அந்தக் கருவி செய்யும் கம்பெனியிடம் ஆலோசகராகப் பணம் வாங்குகிறீர்களா? நான் ஊர் திரும்பிய பிறகு என் டாக்டர் கூப்பிட்டால் நீங்களே பேசுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வந்த பதிலை வைத்துத்தான் நாங்கள் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். ஒருவர் "எங்கள் சர்வதேசப் பிரிவு பதில் சொல்லும்" என்றார். இன்னொருவர் அடுத்த வாரமே தம்பியின் டாக்டரோடு பத்து நிமிடம் வீடியோவில் பேசினார்.

எந்த டிஸ்க் நல்லது? புதிய மாடலாகக் கேட்கலாமா?

பல டிஸ்க்குகள் கோபால்ட்-குரோமியம் அல்லது டைட்டானியம் தட்டுகளும் நடுவில் பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக் பகுதியும் கொண்டவை. சில மாடல்கள் மெத்தைபோல அமுங்கும்படி செய்யப்பட்டவை. எது பொருந்தும் என்பது உங்கள் எலும்பின் அளவு, வளைவு, இடம், சர்ஜனின் பழக்கம் எல்லாவற்றையும் பொறுத்தது.

புதுசு என்பதற்காக ஒன்றைக் கேட்காதீர்கள். பிரிட்டனில் உருவான காடிஸ்க்-எல் என்ற டிஸ்க் முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆனது. ஐரோப்பிய அனுமதி முத்திரையோடு வந்தது. சிலருக்கு உள்ளேயே சிதைந்து இடம் நகர்ந்தது. 2014இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. உலகெங்கும் பேசப்பட்ட எம்6 டிஸ்க்குகளின் தயாரிப்பை அதன் கம்பெனியான ஆர்த்தோஃபிக்ஸ் 2025இல் நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒரு மாடல் நின்றுபோனால் அதைப் பொருத்திக்கொண்ட எல்லோருக்கும் கெடுதல் என்று அர்த்தம் இல்லை. ஆனால் உங்களுக்குள் இருப்பது எந்த மாடல் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், நாளை ஒரு எச்சரிக்கை வரும்போது அது உங்களுக்கானதா என்றுகூடத் தெரியாமல் போகும். குறைந்தது பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்த விவரம் உள்ள மாடலா என்று கேளுங்கள்.

என்னென்ன ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்?

சமீபத்திய எம்ஆர்ஐ, நின்றபடி எடுத்த எக்ஸ்ரே, முன்னும் பின்னும் குனிந்து நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரே, எலும்பையும் ஃபேசட் மூட்டுகளையும் பார்க்க சிடி ஸ்கேன், எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா. இவற்றோடு, இதுவரை எடுத்த சிகிச்சைகளின் பட்டியல், சாப்பிடும் மருந்துகள், முன்பு வயிற்றில் நடந்த அறுவை சிகிச்சைகள். இடுப்பு டிஸ்க்கை வயிற்றுப் பக்கமாகப் போய்த்தான் மாற்றுவார்கள் என்பதால் சிசேரியன், குடலிறக்கம் எல்லாமே கணக்கில் வரும்.

படங்களை டைகாம் கோப்புகளாகவே, அதாவது ஸ்கேன் கருவி பதியும் மூல டிஜிட்டல் வடிவிலேயே, அனுப்புங்கள். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பினால் எந்த சர்ஜனாலும் ஒன்றும் சொல்ல முடியாது. நாங்கள் படங்களைப் பதிந்து கொண்டுபோன சிடி தட்டு அங்கே திறக்கவே இல்லை. மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பி கட்டிலில் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பென்டிரைவில் ஒரு பிரதி வைத்திருந்ததால் பிழைத்தோம். சிடி தட்டு ஒன்று, பென்டிரைவ் ஒன்று, இணையத்தில் ஒன்று என மூன்று இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் மூலம் போகலாமா?

போகலாம். விசா, தங்குமிடம், மொழிபெயர்ப்பாளர் என்று அவர்களால் உதவி உண்டு. பல ஏஜென்ட்களுக்கு மருத்துவமனைதான் கமிஷன் தருகிறது என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவ முடிவு எதையும் அவர்கள் வாயால் கேட்டு எடுக்காதீர்கள். எங்கள் ஏஜென்ட் அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாளுக்குத் திரும்பும் டிக்கெட் போட்டிருந்தார். சர்ஜன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, இரண்டாவது வாரம் தையலைப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்றார். டிக்கெட்டை மாற்றியதற்குத் தனிச் செலவு. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகவே வாங்குங்கள்.

பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்கிறார்கள். அதில் எல்லாம் அடங்குமா?

எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: டிஸ்க்கின் விலை சேர்ந்ததா, எத்தனை நாள் படுக்கை, ஐ.சி.யு. போக நேர்ந்தால் யார் செலவு, ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், மறுபடி திறக்க நேர்ந்தால், பிசியோதெரபி எத்தனை முறை. பொதுவாகச் சிக்கல் வந்தால் ஆகும் செலவு பேக்கேஜில் இருக்காது. அதனால் பேக்கேஜ் தொகைக்கு மேல் ஒரு பங்கு கையில் ஒதுக்கி வைக்க முடியாத நிலையில் இருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. கடன் வாங்கிப் போய், அங்கே சிக்கலாகி, இன்னும் கடன் வாங்கிய ஒரு குடும்பத்தைப் பக்கத்து அறையில் பார்த்தோம். அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பயணக் காப்பீடு இருக்கிறதே, போதாதா?

சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுப் போய்ச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கும் அதன் பின்விளைவுகளுக்கும் பொதுவாகப் பணம் தராது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் குறைந்தது 30,000 யூரோ காப்பீடும் அவசரச் சிகிச்சைக்கானதுதான். சிகிச்சைப் பயணத்துக்கென்றே தனிக் காப்பீடுகள் உண்டு, தேடிக் கேளுங்கள். நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வசிப்பவராக இருந்தால், உங்கள் நாட்டின் காப்பீட்டு அமைப்பிடம் முன்கூட்டியே எஸ்2 படிவ அனுமதி பெற்று இன்னொரு உறுப்பு நாட்டில் சிகிச்சை எடுக்க வழி இருக்கிறது.

விசா?

சிகிச்சைக்கான விசாவில் போங்கள், சுற்றுலா விசாவில் போகாதீர்கள். மருத்துவமனையின் கடிதம் தேவைப்படும். இந்தியா மருத்துவ இ-விசாவோடு இரண்டு துணையாளர்கள் வரை தனி விசா தருகிறது. ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும். சிக்கல் வந்து தங்க நேர்ந்தால் நாள் போதுமா என்று முன்பே எண்ணிப் பாருங்கள்.

துணைக்கு ஆள் அவசியமா?

அவசியம். தனியாகப் போகாதீர்கள். முதல் சில நாட்கள் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியாது. கட்டிலிலிருந்து எழுவதே ஒரு வித்தை: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, கட்டை உருளுவதுபோலப் பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே விட்டுக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். இடுப்பை முறுக்கக் கூடாது. தம்பி முதல்முறை எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் தடம் பதிந்துவிட்டது. இதை ஊரில் இருக்கும்போதே பழகிவிட்டுப் போங்கள்.

துணைக்கு வருபவர் மருந்து வேளை பார்ப்பவராக, டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்பவராக, பயந்துவிடாதவராக இருக்க வேண்டும். பெட்டி தூக்கவும் தெம்பு வேண்டும். நோயாளி எதையும் தூக்கக் கூடாது.

அறுவையில் என்ன ஆபத்துகள்?

கழுத்தில் முன்பக்கமாகப் போவார்கள். விழுங்கக் கொஞ்ச நாள் கஷ்டமாக இருப்பது சகஜம். குரல் நரம்பு பாதித்துக் கரகரப்பு வரலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். செயற்கை டிஸ்க்கைச் சுற்றி எலும்பு வளர்ந்து அசைவு குறைவதும் உண்டு.

இடுப்பில் வயிற்றுப் பக்கமாகப் போகும்போது உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கிவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட முடியும். அதனால்தான் ரத்தக்குழாய் சர்ஜனைப் பற்றி அவ்வளவு வலியுறுத்தினேன். ஆண்களுக்கு, குறிப்பாக இடுப்பின் கடைசி டிஸ்க் இருக்கும் எல்5-எஸ்1 இடத்தில், அங்கே ஓடும் நுண்ணிய நரம்புகள் பாதித்தால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பையை நோக்கிப் பின்னால் போகும் நிலை வரலாம். ஆண்மைக்கு அதனால் குறைவில்லை, ஆனால் குழந்தை பெறுவது சிக்கலாகும். இனிமேல்தான் குழந்தை பெற எண்ணியிருப்பவர்கள் அறுவைக்கு முன் விந்தைச் சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட்டுப் பின்னால் வருந்தியவர்கள் உண்டு.

வயிற்றுப் பக்கம் திறந்ததால் குடல் இரண்டு மூன்று நாள் சோம்பிப்போகும். "வாயு பிரிந்ததா?" என்று நர்ஸ் காலையும் மாலையும் கேட்பார். அது நடந்த பிறகுதான் வழக்கமான சாப்பாடு தருவார்கள்.

இடுப்பு டிஸ்க்கை மறுபடி திறந்து எடுப்பது முதல்முறையைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ரத்தக்குழாய்கள் தழும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதல்முறை யாரிடம் செய்கிறோம் என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தொற்று பற்றிப் பயமாக இருக்கிறது. நியாயமான பயமா?

நியாயமானதுதான். 2023இல் மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரத்துக்கு அழகு அறுவை சிகிச்சைக்குப் போய், முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட பலருக்குப் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. அது டிஸ்க் அறுவை இல்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகு நோய் தலைகாட்டியதையும், உள்ளூர் டாக்டர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரியாததையும் கவனியுங்கள். நீங்கள் திரும்பி வந்து காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும், எந்த நாட்டில், என்ன தேதியில், என்ன அறுவை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை, நாட்டுக்கு நாடு வேறுபடும். எந்த ஆன்டிபயாடிக் கொடுப்பது என்பதே அந்தத் தகவலைப் பொறுத்து மாறலாம்.

எத்தனை நாள் கழித்து விமானம் ஏறலாம்?

சர்ஜன் சொல்லும் நாள்தான் கணக்கு. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. மார்பு அல்லது வயிற்று அறுவைக்குப் பிறகு குறைந்தது 10 நாள் பறக்க வேண்டாம் என்கிறது. மேலே போகப்போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், உடலுக்குள் தங்கிய வாயு விரியும். இடுப்பு டிஸ்க்குக்கு இரண்டு வாரமாவது தங்கும்படி திட்டமிடுங்கள், அதற்கு மேலும் சில நாள் கையில் வையுங்கள். கழுத்துக்குச் சற்று சீக்கிரம் விடக்கூடும்.

இன்னொரு பயம், காலில் ரத்தம் உறைவது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நல்ல உடம்பு உள்ளவர்களுக்கே அப்படி. அப்போதுதான் அறுவை முடிந்தவருக்கு இன்னும் கவனம் தேவை. ஓரத்து இருக்கை வாங்குங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். இறுக்கமான காலுறையோ ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ வேண்டுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். வீல்சேரை டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடிந்தாலும் பரவாயில்லை, வரிசையில் நிற்பதுதான் கொல்லும். திரும்பிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வலி மாத்திரைகளைக் கொண்டுவரலாமா?

பெட்டியோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுவரலாம். ஆனால் வழியில் இறங்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். ட்ரமடால் ஐக்கிய அரபு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து.

ஏர்போர்ட்டில் மெட்டல் டிடெக்டர் கத்துமா?

கத்தலாம், கத்தாமலும் போகலாம். "முதுகில் செயற்கை டிஸ்க் இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கையால் சோதித்து அனுப்புவார்கள். கருவி அட்டை காட்டினாலும் சோதனை உண்டு.

அதென்ன கருவி அட்டை?

உங்களுக்குள் வைத்த டிஸ்க்கின் கம்பெனி, மாடல், அளவு, லாட் எண், வைத்த தேதி, இடம் எல்லாம் எழுதிய அட்டை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவக் கருவிச் சட்டப்படி அதைத் தருவது கட்டாயம். அறுவை அறையில் டிஸ்க்கின் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கர்களை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்கும்போது இந்த விவரம்தான் கேட்பார்கள். டைட்டானியம் உள்ள டிஸ்க்கைவிடக் கோபால்ட்-குரோமியம் உள்ளது படத்தில் அதிகம் மறைக்கும் என்பதையும் அப்போது பார்ப்பீர்கள்.

இதோடு அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டும் உங்கள் டாக்டருக்குப் புரியும் மொழியில் வேண்டும். கையில் வாங்காமல் மருத்துவமனை வாசலைத் தாண்டாதீர்கள். "மெயிலில் அனுப்புகிறோம்" என்றார்கள் எங்களிடம். வரவேற்பறை நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வாங்கினேன்.

திரும்பி வந்ததும் யார் பார்ப்பார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வேறு ஒருவர் செய்த அறுவையைத் தொட பல சர்ஜன்கள் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, எப்படி வைத்தார்கள் என்று தெரியாமல் பொறுப்பை ஏற்பது யாருக்கும் கஷ்டம். ஆகவே டிக்கெட் போடும் முன்பே உங்கள் ஊரில் ஒரு முதுகெலும்பு சர்ஜனைப் பார்த்து, "நான் இதைச் செய்துகொள்ளப் போகிறேன். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பீர்களா? சிக்கல் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். சரி என்று சொன்னவரின் பெயரை அங்குள்ள சர்ஜனிடம் கொடுங்கள். எங்களுக்கு மூன்று பேர் முடியாது என்றார்கள். நான்காமவர் சம்மதித்தார். அதற்கு அடுத்த நாள்தான் டிக்கெட் போட்டோம்.

பிசியோதெரபிஸ்டையும் அப்படியே பேசி வையுங்கள். எப்போது எவ்வளவு குனியலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று சர்ஜன் எழுதித் தந்த தாளை அவரிடம் கொடுங்கள்.

ஏதாவது தவறு நடந்தால் வழக்கு போட முடியுமா?

அந்த நாட்டுச் சட்டப்படி, அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் பெரும்பாலும் முடியும். மொழி, தூரம், வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து அதைக் கடினமாக்கும். கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் பிரதி கேளுங்கள்.

எப்போது பயணத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது?

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் திடீரென்று பலம் இழப்பது. இவற்றில் எது வந்தாலும் இருக்கும் ஊரிலேயே அன்றைக்கே அவசர சிகிச்சை. நரம்புக் கொத்து நசுங்கும்போது மணி நேரங்கள் முக்கியம். வெளிநாட்டில் தேதி வாங்கியிருக்கிறேனே என்று காத்திருந்தால் நரம்பு திரும்பாமலே போகலாம்.

வலி முழுக்கப் போய்விடுமா?

சிலருக்குப் போகிறது, பலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது. நான்கு வருடம் நசுங்கிய நரம்பு ஒரு வாரத்தில் அமைதியாகாது. இடுப்பில் டிஸ்க்கின் உயரம் கூடியதால், அதுவரை சுருங்கிக் கிடந்த மூட்டுகளும் தசைகளும் இழுபட்டுப் புதுசாக ஒரு வலி சில வாரம் இருக்கும். தம்பி அதைக் கண்டு டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று பயந்து நடுராத்திரி என்னை எழுப்பினான். மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் டிஸ்க் வைத்த இடத்திலேயே இருந்தது.

எப்போது வேலைக்குப் போகலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பலர் நான்கிலிருந்து ஆறு வாரத்தில், முதலில் பாதி நாளாக. பாரம் தூக்கும் வேலை என்றால் மூன்று மாதமோ அதற்கு மேலோ, சர்ஜன் சொல்லும் வரை. தம்பி ஆறாவது வாரம் ஆபீஸ் போனான். மேஜையில் ஒரு சின்ன அலாரம் வைத்திருக்கிறான், அரை மணிக்கு ஒருமுறை அடிக்கும், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவான். இன்னும் அதை நிறுத்தவில்லை.